ஈரச் சாக்கு

ரெங்கம்மா: …மண்ண அள்ளி மூடிப் பாத்தேன் மதினி. நிக்க மாட்டேங்குது. ஒரு எல சுருண்டுருச்சு. இன்னொண்ணும்…

இராக்கம்மா: மெதுவாப் பேசுடி. ஒங்கண்ணே இப்பத்தான் கண்ணசந்தாரு. எது நிக்க மாட்டேங்குது?

ரெங்கம்மா: வனராஜா.

இராக்கம்மா: தொரசாணியோட பூச்செடியா? பங்களாவுக்குப் பின்னால, பெரிய மரத்தடியில இருக்கே?

ரெங்கம்மா: அதேதான். அண்ணே மீரியபெத்தைக்குப் போன ரெண்டு நாளும் பூந்தோட்டத்து வேலைய நாந்தானே பாத்தேன். சுத்தமா இருக்கட்டுமேன்னு சொரண்டிட்டேன்.

இராக்கம்மா: எத?

ரெங்கம்மா: சுத்தி இருந்தத எல்லாம். பாசி, மக்குன எல, அந்தச் சீப்பு மாதிரி எல உள்ள செடி, காசித்தும்ப… மலையில தேயிலைக்கி நடுவுல சொரண்டுவோமே, அந்த மாதிரி.

இராக்கம்மா: அடிப்பாவி.

ரெங்கம்மா: ஒரு புல்லு நின்னாலும் கங்காணி அர நாள் பேரு போட்டு பாதிக் கூலிதானே குடுக்குறாரு. அந்தப் பழக்கம் மதினி.

இராக்கம்மா: அது தேயில, தனியா நிக்கும். இது நெழல்ல கெடக்குற காட்டுப்பூவு. சீப்பு எல மேக்கால நின்னாத்தான் சாயங்கால வெயிலு படாது. பாசி இருந்தாத்தான் வேரு காயாது. சோறு திங்கிறப்பக்கூட ஒங்கண்ணே இதத்தானே பேசுறாரு.

ரெங்கம்மா: காசித்தும்ப தலையத் தொங்கப் போட்டா ஒடனே தண்ணி ஊத்தணும்னும் சொல்லுமே. வனராஜா வாடட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தா நேரம் போயிருமாம்.

இராக்கம்மா: எல்லாந் தெரிஞ்சுதான் வச்சிருக்க. தொரசாணி எப்ப வருது?

ரெங்கம்மா: காலையில. கொழும்பு மெயில்ல வந்து ஹாலிஎலயில எறங்குதாம். வந்ததும் மொதல்ல அந்த மரத்தடிக்குத்தான் போகும், பூவு விட்டிருக்கான்னு பாக்க. அப்புறம் அண்ணனக் கூப்புடும். ஒன்னைய யாரு லீவு போடச் சொன்னதுன்னு கேக்கும். பூந்தோட்டத்த விட்டு எடுத்து மலைக்கு அனுப்பிருவாங்க மதினி. நொண்டுற கால வச்சுக்கிட்டு அண்ணே எப்பிடி மல ஏறும்?

இராக்கம்மா: அழுவாத. லாம்ப எடு. காட்டோரமாப் போயி கொஞ்சம் பாசி பேத்துக்கிட்டு வருவம்.

ரெங்கம்மா: காட்டுக்குப் போக வேணாம்.

இராக்கம்மா: ஏன், ஒன்னைய நரி தூக்கிட்டுப் போயிருமா? தூக்குனாலும் ஒன் வாயி தாங்காம திருப்பிக் கொண்டாந்து விட்டுரும்.

ரெங்கம்மா: அதில்ல… செடியெல்லாம் இங்க பீலிக்குக் கீழதான் இருக்கு. தண்ணி சொட்டுற எடத்துல. சாக்குல.

இராக்கம்மா: காட்டு… ஈரச் சாக்கு. வேரோட, மண்ணோட. சீப்பு எல ஒண்ணுகூட ஒடியல.

ரெங்கம்மா: வாடிறப் போகுதேன்னு…

இராக்கம்மா: புல்லுன்னு நெனச்சுச் சொரண்டுனவ தண்ணி ஓடுற கான்லதானடி தூக்கி எறிவா? எவளாச்சும் புல்ல சாக்குல சுத்தி, தண்ணியில நனச்சு வப்பாளா? இது சொரண்டி பட்ட வேரே இல்ல. கையால பேத்திருக்க.

ரெங்கம்மா: மதினி…

இராக்கம்மா: சாக்கத் தூக்கு. நட. லயத்தத் தாண்டிட்டுச் சொல்லு.

ரெங்கம்மா: …முந்தாநாளு பங்களாச் சமையக்கார அப்பு வந்து சொன்னாருல்ல, தொரசாணி தங்கச்சி வீட்டுல புள்ள பாக்க என்னயத்தான் கொழும்புக்கு அனுப்பப் போறாங்கன்னு. வார கெழமையே ரயிலேறணுமாம். அண்ணனுக்கே இன்னும் தெரியாது.

இராக்கம்மா: அதுக்கும் செடிக்கும் என்ன?

ரெங்கம்மா: ஒரு செடியப் பாத்துக்கத் தெரியாதவ கையில கைப்புள்ளயக் குடுப்பாங்களா?

இராக்கம்மா: …அதுக்காகவா?

ரெங்கம்மா: நீ வேணாம் போன்னு சொல்லிட்டா, திருப்பி நட்டுக்கலாம்னு இருந்தேன். அண்ணனப் புடிச்சுக் கேப்பாங்கன்னு அப்பத் தோணல. சாயங்காலம் நொண்டிக்கிட்டே படியேறி வந்துச்சுல்ல, அப்பத்தான் தோணுச்சு.

இராக்கம்மா: கெட்டிக்காரிதான். பாதிதூரம் வரைக்கும்.

ரெங்கம்மா: அங்க எனக்கு யாரத் தெரியும்? அடுப்படிக்குப் பின்னால ஒரு சின்ன அறையாம். ஒத்தையாப் படுக்கணுமாம். நான் ஒரு நாளாச்சும் ஒத்தையாப் படுத்திருக்கேனா?

இராக்கம்மா: எங்க படுத்த. ஒங்காலு எம்மேலதான கெடக்கும். ஒத வாங்கி வாங்கி எம் இடுப்பே போச்சு… நாயி கொலைக்குமா?

ரெங்கம்மா: என்னயத் தெரியும். கொலைக்காது. லாம்ப இந்தாண்ட வையிங்க, பங்களாவுக்குத் தெரியாது.

இராக்கம்மா: இது இப்பிடி நிக்கட்டுமா?

ரெங்கம்மா: இன்னும் மேக்கால தள்ளி. ஆழம் வேணாம்… மொதல்ல மக்குன எலயப் போடுங்க, அதுக்கு மேல பாசி. அமுக்காதீங்க. சும்மா ஒக்கார வச்சாப் போதும்.

இராக்கம்மா: ஒங்கண்ணனே தேவல. இந்த வெரட்டு வெரட்ட மாட்டாரு.

ரெங்கம்மா: பொழச்சுக்குமா மதினி?

இராக்கம்மா: சுருண்ட எல போனதுதான். குருத்து நிக்கிது. காலையில பனியில நனஞ்சு எந்திரிச்சா ஒங்கண்ணனுக்கு வேல இருக்கு.

ரெங்கம்மா: அப்ப எனக்கு ரயிலும் இருக்கு.

இராக்கம்மா: ம். லாம்ப கிட்டப் புடி.

ரெங்கம்மா: லயத்துல இத்தன பொண்ணுக இருக்க, என்னய எதுக்கு மதினி கேட்டுச்சு? அதுக்கு எம்பேரு கூடத் தெரியாது. 'ஏ குட்டி'ன்னுதான் கூப்புடும்.

இராக்கம்மா: காசித்தும்பய எடு.

ரெங்கம்மா: சொல்லுங்க.

இராக்கம்மா: அது கேக்கல. அது கொழும்புக்குப் போறதுக்கு முன்னால நாந்தான் போயிக் கேட்டேன்.

ரெங்கம்மா: நீங்களா? …ராவுல ஒதக்கிறேன்னா? இனிமே செவத்தோரமாப் படுத்துக்கிறேன் மதினி.

இராக்கம்மா: கிறுக்கி. ஒங்கண்ணே மீரியபெத்தைக்கு எதுக்குப் போனாருன்னு நெனச்ச?

ரெங்கம்மா: ஒங்க அண்ணனப் பாக்க. சம்சாரம் போனதுலருந்து கணபதி மாமா ஒத்தையா இருக்காருன்னு…

இராக்கம்மா: ஒத்தையாத்தான் இருக்கான். அதான் ஒன்னையக் கேட்டு முன்னாலயே சொல்லி அனுப்பிருந்தான். தையில பரிசம்னு பேசி, வெத்தல மாத்திட்டு வந்திருக்காரு ஒங்கண்ணே.

ரெங்கம்மா: …எனக்கா?

இராக்கம்மா: எங்கூடப் பொறந்தவன்னு நம்பித்தான் ஒத்துக்கிட்டாரு. தொரசாணி வாயால கேட்டாத்தான் அவரால மறுக்க முடியாது, அதான் போனேன். எங்க மதினி, அதான் கணபதி பொண்டாட்டி, கான்ல வழுக்கி விழுந்து செத்தான்னு எழவுல எல்லார்ட்டயும் சொன்னது நாந்தான். அவ வழுக்கல ரெங்கா. பாத்துக்கிட்டு இருந்தவ நான், அண்ணனாச்சேன்னு வாய மூடிக்கிட்டேன்… இந்தா, பாசி காயுது, தண்ணி தெளி. நீ ரயிலேறிப் போயிருவ. எந்தங்கச்சிய யாரு கேட்டு அனுப்புனதுன்னு ஒங்கண்ணே எம்முன்னால வந்து நிப்பாருடி. அப்ப நான் என்னன்னு சொல்லட்டும்?