சாரதாவோட கொரலு

பாட்டுக் கேக்கறாரான்னுங்களா? அட, அது ரேடியோ இல்லீங்கக்கா. முன் சீட்டுல, சட்டைப்பைல பெட்டிய வச்சுட்டு உக்காந்திருக்காரே, அவரு எங்கூட்டுக்காரருங்க. காதுக்குள்ள மிசின் வச்சிருக்குது. பெட்டில இருந்து வயரு மேல போகுது பாருங்க.

பொறவிச் செவுடெல்லாம் இல்லீங்க. எண்பத்திமூணுல மூளைக்காய்ச்சல் வந்து ரெண்டு காதும் சுத்தமாப் போயி அஞ்சு வருசமாச்சு. கொமாரபாளையத்துல எங்களுக்குத் தறிப்பட்டறைங்க. தறி ஓடறப்ப ஆரு பேசுனா ஆருக்குக் கேக்குது? அங்க எல்லாருமே கைச்சாடைதான். நூலு அந்துச்சுன்னா ரெண்டு வெரலு, டீக்குப் போலாமுன்னா கட்டவெரலு. அதனால பட்டறைல அவருக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஊட்டுக்கு வந்தாத்தான் மொகம் செத்துப்போகும். உன்ற கொரல மட்டுமாச்சும் இன்னொருக்கா கேக்கோணும் சாரதான்னு அழுவாரு.

அதுக்குத்தானுங்க போன வருசம் மெட்ராசு போயி, மண்டையத் தொளச்சு மிசின் வச்சோம்.

கேக்குதுங்க, கேக்காம என்ன. தறிச்சத்தம், மழை, கதவத் தட்டுறது எல்லாந் தெரியுது. மனுசப் பேச்சுத்தான் பிடிபடல. ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாதாம். தகரத்த ஆணில கீறுனாப்பல இருக்குமாம். வாயப் பாத்துட்டே கேட்டாத்தான் பாதியாச்சும் புரியும். டாக்டரம்மா நல்லவங்க, இப்போதைக்கு இவ்வளவுதாம்மான்னு முந்தியே சொன்னாங்க. நாங்கதான் காதுல வாங்கல.

மொத நாளு சுவிட்சப் போட்டதும், ஏனுங்க, கேக்குதுங்களான்னேன். எத்தன ஆசையாக் கேட்டேன்! அவரு மூஞ்சி அப்படியே சுருங்கிப்போச்சுக்கா.

சண்டையா? சேச்சே, தங்கமான மனுசனுங்க. ஊட்டுக்கு வந்து ஒரு வாரங்கழிச்சுத்தான் சொன்னாரு. செவுடா இருந்தப்ப உன்ற பழைய கொரலு நெஞ்சுக்குள்ள கேட்டுட்டே இருந்துச்சு, இந்தச் சத்தம் வந்ததும் அது அழியுது, அதையாச்சும் எனக்கு உட்டுரு சாரதான்னு என்ற கையப் புடிச்சுட்டு...

பெட்டியக் கழட்டி வக்கறேன்னுதான் சொன்னாருங்க. நாந்தான் வேண்டாமுன்னுட்டேன். தொட்டில்ல கெடக்கற புள்ள அழுதா அவருக்குத் தெரியுதுக்கா. எனக்கு முந்தி எந்திரிச்சு ஓடறாரு. அந்தச் சந்தோசத்த நான் கெடுக்கலாமுங்களா?

அதனால ஊட்டுல நான் வாயத் தொறக்கறதே இல்லீங்க.

இப்பவா? இப்பப் பேசுனா ஒண்ணுமில்லீங்க. பஸ்ஸுல இத்தன பேரு பேசறாங்க. இதுல என்ற கொரலு எதுன்னு அவருக்கெங்க தெரியப்போவுது.