நான் குறைத்து எழுதிய நாடித்துடிப்பு

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி மருத்துவர் அம்மா அவர்களே, மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா, ஆசிரியர்களே, தோழிகளே, வணக்கம். தமிழய்யா எழுதிக் கொடுத்த இரங்கல் உரை என் பையில் இருக்கிறது. மன்னியுங்கள் ஐயா, நான் வாசிப்பது வேறு.

எங்கள் உடற்கல்வி ஆசிரியை, நாங்கள் 'விசில் மிஸ்' என்று அழைத்த வீராங்கனை! காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த பிள்ளையை அவர் உடனே மைதானத்தில் விட்டதுண்டா? கிடையாது! மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்வார். இரண்டு நிமிடம் உட்காரவைத்து நாடி பிடிப்பார். துடிப்பு நூற்றுக்குக் கீழே இறங்காவிட்டால், நேரே மருத்துவர் அம்மாவிடம் இ.சி.ஜி. எடுக்க அனுப்புவார்.

"காய்ச்சல் போயிடுச்சுன்னு நீ சொன்னா போதுமா? உன் நெஞ்சு சொல்லணும்டி!" என்பார்.

ஒன்பதாம் வகுப்பு 'ஒட்டடைக்குச்சி' பிழைத்தது எப்படி? காய்ச்சலால் அவள் இதயத் தசை வீங்கியிருந்ததை முதலில் சந்தேகித்தது யார்? எங்கள் மிஸ்!

அந்த மிஸ்ஸுக்கே போன மாதம் வைரஸ் காய்ச்சல். எட்டாம் நாள் திரும்பி வந்தார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே மிஸ்? ஏறுங்க படி!" என்று கேலி செய்தேன்.

சிரித்துக்கொண்டே ஏறினார். அணித் தலைவியான நான் நாடி பிடித்தேன். நூற்று இருபத்தாறு. அவர் நெஞ்சைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"தொண்ணூறுன்னு போடு. சனிக்கிழமை இறுதிப்போட்டி. நான் வரலைன்னா உங்களை யாருடி கூட்டிட்டுப் போவா?"

"மிஸ், டாக்டரம்மாகிட்ட..."

"போட்டி முடியட்டும். நானே போறேன்."

நாடி நோட்டில் தொண்ணூறு என்று எழுதினேன். அவர் சொன்னார் என்பதற்காகவா? இல்லை. எனக்கும் அந்தக் கோப்பை வேண்டியிருந்தது! மறுநாள் மருத்துவர் அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, "மிஸ் நல்லா இருக்காங்களா பாப்பா?" என்று கேட்டார். "சூப்பரா இருக்காங்க" என்றேன்.

சனிக்கிழமை ஜெயித்தோம். எங்களைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தவர் பாதி வழியில் விழுந்தார்.

அம்மா, நான் உண்மையைச் சொல்லியிருந்தால் உங்கள் மகள் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. பிழைக்க ஒரு வழி இருந்தது. அதை நான் அடைத்தேன்.

அவர் பணியைத் தொடர்வேன் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனாலும் தொடர்வேன். எங்கள் துணைத் தலைவிக்குக் காய்ச்சல் விட்டு ஆறு நாள். நேற்று அவள் நாடி நூற்றுப் பதினெட்டு. "குறைச்சுப் போடுடி, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள். உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். மருத்துவர் அம்மா, மூன்றாம் வரிசையில் ஜன்னலோரம் என்னை முறைத்துக்கொண்டிருப்பவள் அவள்தான். கூட்டம் முடிந்ததும் அழைத்துப் போங்கள். அவள் என்னோடு பேசாமல் இருக்கட்டும். இன்னும் ஐம்பது வருடமானாலும் பேசாமல் இருக்கட்டும்!