பேரு அப்பால வரட்டும் என்றவர்

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அம்மையார் அவர்களே, சுகிர்தா அம்மையாரின் கணவர் ஸ்டீவன் அவர்களே, ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருக்கும் இரும்பாலைத் தொழிலாளத் தோழர்களே, கண்கலங்கி அமர்ந்திருக்கும் மாணவியரே, வணக்கம்.

இந்தச் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் நான் உடலியங்கியல் நடத்துகிறேன். பக்கத்து வகுப்பில் உடற்கூறியல் நடத்திய சுகிர்தா அம்மையாரின் குரல், போன வாரம் மாரடைப்பில் ஓய்ந்துவிட்டது. என்ன குரல் அது! நெஞ்சில் கைவைத்து "ஸ்டெர்னம்" என்பார்; முழங்காலைத் தட்டி "பட்டெல்லா" என்பார். வகுப்பு முழுவதும் தட்டித் தட்டித் திருப்பிச் சொல்லும். எதற்காக இத்தனை பாடு? தமிழ் வழியில் படித்து வந்த நம் பிள்ளைகள், பெயர் வாயில் நுழையாத கூச்சத்தில், தெரிந்ததையும் சொல்லாமல் நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

நம் கிரேஸ் அப்படி நின்றவள்தான். இன்று தீவிரச் சிகிச்சைப் பிரிவில் செவிலியர். அன்று முதலாண்டு மாணவி. இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து உடல் நீலம் பாய்வதைச் 'சயனோசிஸ்' என்கிறோம். அதைக் 'கையனோசிஸ்' என்று படித்தாள். வகுப்பே சிரித்தது. அதன்பின் அவள் வாயே திறக்கவில்லை.

பிறகு வார்டு பயிற்சி வந்தது. இரும்பாலையில் கால் முறிந்து, மாவுக்கட்டோடு பீட்டர் படுத்திருந்தார். அவர் கட்டிலருகே கிரேஸ் நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சுகிர்தா அம்மையார் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, எதுனா சொல்லணுமா?"

"அந்தப் பேரு வர மாட்டேங்குது மேடம்."

"பேரு அப்பால வரட்டும். நீ இன்னா பாத்தே, அத்த சொல்லு."

"கால் வெரலெல்லாம் நீலமா ஆயிக்கினே வருது. தொட்டா சில்லுனு கீது. வலி தாங்கலன்னு அழுவுறாரு மேடம்."

அம்மையார் விரலைத் தொட்டார். உடனே டாக்டரை அழைத்தார். இறுகிப்போன கட்டைப் பிளந்தார்கள். மெல்ல மெல்ல விரல்களில் இரத்த ஓட்டம் திரும்பியது. தாமதித்திருந்தால் கால் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அதன்பின் அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? வராந்தாவில் கிரேஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போ பேரைச் சொல்லலாமா? சய... னோ... சிஸ்" என்றார். அழுதுகொண்டே சொன்னாள். தடுமாறித் தடுமாறிச் சரியாக வந்தது.

"வந்துச்சு பாரு! சிரிக்கறவங்க சிரிச்சுக்கினு போவட்டும். அந்த ஆளு கால் பொழச்சிக்கிச்சே!" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

அந்தப் பீட்டர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். இன்று அவரை அழைத்துவர ரயில்வே ஸ்டேஷனில் ஆட்டோவோடு காத்திருந்தேன். "மேடத்தைப் பாக்க நான் நடந்துதான் சார் வருவேன்" என்றார். நடந்தே வந்தார்!

சுகிர்தா அம்மையாரே! உங்கள் வகுப்பறையை நாங்கள் பூட்டப்போவதில்லை. விடுப்பு நாளில் வந்து நடத்துகிறேன் என்று கிரேஸ் கேட்டிருக்கிறாள். அவள் வர முடியாத நாளில் நான் நிற்பேன். காதின் பாகங்களை நீங்கள் பாதியில் விட்டிருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறோம்.

மாணவியரே, திங்கட்கிழமை வாருங்கள். சரியோ தவறோ, கண்ணில் பட்டதை உரக்கச் சொல்லுங்கள். நாங்கள் கேட்கிறோம்.