நான்காவது கட்டம்

மாலை ஏழு பத்து. மழை விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து உளவியல் துறையின் பழைய கட்டடத்துக்கு ஒரே சாலை... ஒரு பக்கம் நீளமான மதில், மறுபக்கம் பூட்டிய பட்டறைகள். ஆறு விளக்குக் கம்பங்களில் எரிந்தவை இரண்டு. அந்தச் சாலையில் அவள் தனியாக நடந்துகொண்டிருந்தாள். ஈரத்தில் செருப்பு சப்... சப்... என்றது. பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். பைக்குள் அவள் எழுதிய ஒன்பது தாள்கள். ஒன்பதிலும் பொய் எழுதியிருந்தாள்.

அவள் என் சிநேகிதியின் சித்தி மகள். வீட்டில் வைத்த பட்டப்பெயர் சந்தேகி. வெளியே கிளம்பினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். நானும் அப்படியே சொல்கிறேன், சொந்தப் பெயர் வேண்டாம். இன்னொரு விஷயம்... ரயில் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், இந்தக் காத்திருக்கும் அறையில் மின்சாரமும் இல்லை. கதை கேட்க வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் முடியும்வரை இங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். சிரியுங்கள், பரவாயில்லை. நானும் சிரித்தவள்தான்.

சந்தேகி அப்போது உளவியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு. மற்ற பாடங்களில் எல்லாம் கெட்டி. ஆராய்ச்சி முறைகள் என்ற பாடம் மட்டும் எட்டிக்காய். ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் போனால் படிப்பை நிறுத்திவிட்டுத் தன் அச்சகத்தில் வந்து உட்காரச் சொல்லிவிட்டார் அப்பா. கத்தியிருந்தால்கூட அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். சாப்பிட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார். அதில்தான் அவர் தீர்மானித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்தப் பருவத்தில் செய்ய வேண்டிய ஆய்வு இதுதான். ஒருவர் தனியாகக் காத்திருக்கும்போது என்ன செய்கிறார் என்று பார்ப்பது. சின்ன அறை, இரண்டு நாற்காலி. நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று. வருகிறவரை நீல நாற்காலியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு அதில் தன் முகம்தான் தெரியும். இந்தப் பக்கம் இருட்டறையில் இருப்பவர்களுக்கு உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். திருட்டுத்தனம் எதுவும் இல்லை, கவனிப்போம் என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குவார்கள். சம்மதத் தாளின் ஒரு பிரதி அவர் கையிலேயே இருக்கும். அதில் அவருக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆய்வு செய்கிறவளின் பெயர் மட்டும் முழுதாக அச்சில் இருக்கும். விதி அப்படி.

இருட்டறையில் இரண்டு பேர். சந்தேகி, அப்புறம் அவள் வகுப்பு நெட்டையன். நடுவே ஓர் அட்டைத் தடுப்பு. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. பத்து விநாடிக்கு ஒரு முறை இரண்டு காதிலும் செருகிய கருவி 'கிணிங்' என்னும். உடனே நான்கு கட்டங்களில் ஒன்றில் குறி போட வேண்டும். சும்மா இருக்கிறார். அசைகிறார். சுற்றிப் பார்க்கிறார். பேசுகிறார். பதினைந்து நிமிடம், தொண்ணூறு குறி. இப்படிப் பத்து பேர். இரண்டு பேர் எழுதியதும் நூற்றுக்கு எண்பதாவது ஒத்துப்போனால்தான் பாடம் எடுக்கும் மேடம் கையில் வாங்குவார்.

"ஒருத்தர் பாத்தா அது வெறும் அபிப்பிராயம்," என்று வகுப்பில் அடிக்கடி சொல்வாராம். "ரெண்டு பேர் தனித்தனியா பாத்து ஒரே மாதிரி எழுதினா... அப்பதான் அது நடந்ததுன்னு நான் ஒத்துக்குவேன்."

ஒரு சின்ன விஷயம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் வைத்து எழுதும் அட்டையைவிடத் தாள் ஒரு விரல் அகலம் கூட. நான்காவது கட்டம் அட்டைக்கு வெளியே தொங்கும். அங்கே பென்சிலை அழுத்தினால் தாளில் ஓட்டை விழும். 'டப்' என்று சத்தம் வரும்.

அன்று மதியம் ஒன்பதாவது ஆள் போன பிறகு இருவரும் முதன்முறையாகத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதல் ஐந்து நிமிடம் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தது. ஆறாவது நிமிடத்திலிருந்து நெட்டையன் தாளில் நான்காவது கட்டத்தில் ஓட்டை ஓட்டையாக விழுந்திருந்தது. ஒன்பது தாளிலும் அதே இடத்தில். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒத்துப்போனது நூற்றுக்கு ஐம்பத்து நான்குதான்.

"ஏண்டா, தூங்கிட்டே எழுதினியா? இவங்கல்லாம் எப்ப பேசினாங்க?"

"இவங்க எங்க பேசினாங்க? கறுப்பு நாற்காலில இருக்கறவருதான் பேசினாரு."

"யாரு?"

"சும்மா விளையாடாதே. ஆறாவது நிமிஷம் ஆனா இருப்பாரே... சாம்பல் சட்டை. குனிஞ்சு காதுகிட்ட ஏதோ கேப்பாரு. மேடம் வச்ச ஆளுன்னுதான் நானும் கேக்காம இருந்தேன்."

இது அந்தத் துறையில் சகஜம். மாணவர்களுக்குத் தெரியாமல் நடிக்க ஓர் ஆளை உள்ளே அனுப்பி, இவர்கள் அதை ஒழுங்காகக் கவனிக்கிறார்களா என்று சோதிப்பார்கள். நெட்டையன் நல்ல பிள்ளை, விதியை மீறாதவன். ஒன்பது தடவை அந்த ஆளைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

சந்தேகி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவரு கதவைத் தொறந்து வந்ததை நீ பாத்தியா?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்படியே நிறுத்திக்கொண்டான். அவன் முகம் வெளிறிப்போனதைப் பார்த்ததாகச் சொன்னாள்.

"உன் தாளை மாத்திக்கோடா. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குக் குடுக்கணும். எனக்கு இது போச்சுன்னா எல்லாமே போச்சு."

"பாத்ததைத்தான் எழுதினேன். மாத்த மாட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

நூலகத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்து ரப்பரால் தன் குறிகளை அழித்தாள். நெட்டையன் போட்ட இடங்களில் எல்லாம் தானும் போட்டாள். டப். டப். டப். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'என் கண்ணால் கண்டதையே எழுதினேன்' என்று ஒரு வரி உண்டு. ஒன்பது முறை அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். அவள் கண்ணால் எதையும் காணவில்லை. பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எண்பதைத் தாண்டிவிட்டது.

மீதி ஒரே ஓர் ஆள். ஏழரைக்கு வேலை முடிந்து வருகிற ஒரு நர்ஸ் அக்கா. அதற்காகத்தான் அந்த ஈரச் சாலையில் நடந்தாள்.

நர்ஸ் அக்காவை நீல நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இருட்டறைக்குள் நுழைந்தாள். உள்ளே ஒரு வாசனை... வெகுநாள் பூட்டிய அலமாரியைத் திறந்தால் வருமே, அது. அதோடு புதிதாகச் சீவிய பென்சில் வாசனையும். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

"வந்துட்டியா? கோபம் போச்சா?" என்றாள் மெதுவாக.

பதிலுக்கு, பென்சிலால் மேசையில் இரண்டு தட்டு. பேசக் கூடாது என்று விதி இருக்கிறதே, நெட்டையன் பெரிய விதிக்காரன் ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டாள்.

கிணிங். கிணிங். ஐந்து நிமிடம் எல்லாம் சரியாகப் போனது. அக்கா கொட்டாவி விட்டாள், செருப்பைக் கழற்றினாள், முழங்காலைத் தடவினாள். ஆறாவது நிமிடம் வந்தது. சந்தேகி ஒரு காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டாள். ஏனென்று புரிகிறதா? பக்கத்துப் பென்சில் சத்தத்தைக் கேட்டுக் காப்பியடிக்க.

டப்.

கறுப்பு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தாள். காலி. இருந்தாலும் நான்காவது கட்டத்தில் குத்தினாள். கிணிங்... டப். கிணிங்... டப்.

அப்போது நர்ஸ் அக்கா தலையை லேசாகச் சாய்த்தாள். கறுப்பு நாற்காலிப் பக்கம். வயதானவர் மெல்லப் பேசினால் மரியாதைக்குக் காதைக் கொடுப்போமே, அந்த மாதிரி. பிறகு மடியிலிருந்த சம்மதத் தாளை எடுத்தாள். விரலை வைத்து ஒரு வரியைத் தேடினாள். உதடுகள் அசைந்தன.

டப். அந்தக் குறியை மட்டும் சந்தேகி கண்ணால் பார்த்துப் போட்டாள்.

அட, கூப்பிடாதீர்கள் என்றேனே! பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். சரி... விடுங்கள். கேளுங்கள்.

பதினைந்து நிமிடம் முடிந்தது. சந்தேகி ஓடிப்போய் அறைக் கதவைத் திறந்தாள்.

"அக்கா... உள்ள யாராச்சும் பேசினாங்களா?"

நர்ஸ் அக்கா கண்ணைக் கசக்கினாள். "ரெண்டு ஷிப்ட் பாத்தேம்மா, அசந்துட்டேன் போல. எழுதுறவ பேரு என்னன்னு யாரோ கேட்ட மாதிரி இருந்துச்சு."

"நீங்க..."

"தாள்லதான் இருந்துச்சே. படிச்சுச் சொன்னேன். ஏம்மா, சொல்லக் கூடாதா?"

அக்காவை வாசல்வரை விட்டுவிட்டு வந்தாள். நெட்டையனிடம் சொல்லி அழலாம் என்று இருட்டறை விளக்கைப் போட்டாள். தரையில் ஈரச் செருப்புத் தடம் ஒரு வரிசை. அவளுடையது மட்டும். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. மேசையில் பத்தாவது தாள் இருந்தது. தொண்ணூறு குறியும் போட்டிருந்தது. விளக்கை நோக்கித் தூக்கிப் பிடித்தாள்... ஓட்டைகள் வழியாக வெளிச்சம் வந்தது.

மதியமே அணைத்து வைத்திருந்த கைபேசியைப் போட்டாள். ஏழு மணி ஐந்துக்கு நெட்டையன் அனுப்பிய செய்தி. 'நான் வரமாட்டேன். நீயும் அந்த ரூமுக்குப் போகாதே.'

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போட்டால் ஒன்பதுதான், ஆய்வு செல்லாது, அச்சகம்தான். கிழிக்கவில்லை. காலையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பத்தாவது தாள் நூற்றுக்கு நூறு ஒத்துப்போயிருந்தது. மேடம் சிவப்பு மையில் 'மிக நேர்த்தி' என்று எழுதிக் கொடுத்தார். தேர்ச்சி பெற்றாள். அப்பா அச்சகத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாராம்.

இதை அவள் எனக்குச் சொன்னது போன மாதம். பல் மருத்துவரிடம் போகிறேன், துணைக்கு வா என்றாள். போனேன். காத்திருக்கும் அறையில் மூன்று நாற்காலி. நான், அவள், அவளுக்கு இடப்பக்கம் காலியாக ஒன்று. தாழ்ந்த குரலில் முழுக்கச் சொன்னாள். இப்போதெல்லாம் எங்கே காத்திருந்தாலும் முதுகுக்குப் பின்னால் பத்து விநாடிக்கு ஒரு முறை பென்சில் உரசுகிறதாம். யாரோ அவளைப் பார்த்துக் குறி போடுகிறார்களாம்.

"நெட்டையன் உன் காதுல நல்லா பூ சுத்திருக்கான்," என்று நான் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தலையை லேசாகச் சாய்த்தாள், காலி நாற்காலிப் பக்கம். "ம்," என்றாள். கொஞ்சம் கழித்து உதடுகள் அசைந்தன.

வரவேற்பில் இருந்த பெண் எல்லோரையும் கூப்பிட்டு முடித்துவிட்டு எங்களைப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் யாரு? இன்னைக்குப் பட்டியல்ல உங்க பேரு இல்லையே."

சந்தேகி எழுந்தாள். எத்தனையோ வருடம் கழித்து அவள் முகம் அன்றுதான் தெளிந்திருந்தது. என் கையை ஒரு தடவை அழுத்தினாள்.

"மன்னிச்சுக்கோ. உன் பேரைக் கேட்டாரு... சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாளாம். எனக்குத்தான் இந்த மாதிரி காத்திருக்கும் அறைகள் ஆகவில்லை. விடாமல் பேசிக்கொண்டே இருந்தால் அந்தப் பென்சில் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. அதற்காகத்தான் கதை கேட்டதும் ஒத்துக்கொண்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அவளைப் போல இல்லை. என்னைக் கேட்டால் சொல்ல யார் பெயரும் எனக்குத் தெரியக் கூடாது என்றுதான் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். உங்களில் ஒருவர் நடுவே பயந்துபோய்ப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுவிட்டீர்கள்... பரவாயில்லை, நான் அந்தப் பெயரை மறக்கத்தான் பார்க்கிறேன். ஆனால் இந்த மூலையில் இருக்கும் நாற்காலி வெகுநேரமாகக் காலியாகவே இருக்கிறது. அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.