நாய்க்கு அரைத்த பூசணி விதை

மண்முனைத் துறையில் தோணி ஏறிய ஒருத்தி, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "எனக்கும் வயித்துல பூச்சி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், மச்சாள்."

"என்னகா கதைக்காய்?"

"எங்கட நாய்க்குப் பூச்சி. என்ட மனுசன் பூசணி விதையைத் தோலுரிச்சு, தன்ட கையால அரைச்சு, எருமைத் தயிரில குழைச்சு ஊட்டுறார். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு மிடறு மல்லித்தண்ணி தந்தவரா? அந்த நாயைப் பார்த்தா எனக்கு எரியுது."

அவர்களுக்கு எதிர்ப் பலகையில் நான் இருந்தேன். ஊரெல்லாம் தேடி, என் நாய்க்காக வாங்கிய பூசணிக்காய் மடியில் இருந்தது. சால்வையால் மூடினேன். வீட்டில் மனைவிக்கும் காய்ச்சல்.

"வீடு உன்ட சீதனமெல்லோ? ஆளைப் போகச் சொல்லன்."

"சொன்னா நாயையும் தூக்கிட்டுச் சந்தோசமாப் போயிருவார். அதுதான் நான் தங்கச்சி வீட்ட போறன்."

"கூப்பிட வராட்டி?"

அவள் மடியிலிருந்த பனையோலைப் பெட்டியைத் தட்டினாள். "வருவார். அலைஞ்சு சேர்த்த விதை முழுக்க இதுக்குள்ள கிடக்கு."

மச்சாள் சிரித்தாள். "அப்ப விதைக்குத்தானே வருவார், புள்ள?"

அவள் வாவியைப் பார்த்தபடி சொன்னாள்: "வரட்டும். நான் எனக்கெண்டு நினைச்சுக்கொள்ளுவன்."