சரியான பதில்கள்

— அவன் விழுந்துட்டான்னு மட்டும் சொல்லாதீங்க ரோஸ்கோ. இருபது வருசமா அவசரப் பிரிவுல நர்ஸா நிக்கறேன். படியில உருண்டவனுக்கு ரெண்டு பக்க விலா எலும்பும் உடையாது.

— நான் எங்க மிலா சொன்னேன்? அவன்கூட வாழற க்ரிஃப் ஃபோன்ல அப்படித்தான் சொன்னான். எமரி மாடிப்படியில உருண்டுட்டான், ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன்னு. நீ கூப்பிட்டதும் சங்கத்துல போட்டது போட்டபடி ஓடி வர்றேன். பையன் எப்படி இருக்கான்?

— நாப்பது வயசு ஆம்பளை, பையனாம். மண்ணீரல் கிழிஞ்சு உள்ளுக்குள்ள ரத்தம். காலையில ஆபரேசன் பண்ணியாச்சு, உயிருக்கு ஆபத்தில்ல. கண்ணு முழிச்சதும் போலீஸ் வேண்டாம்னான். அப்புறம் உங்க பேரைச் சொன்னான். அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவும் பேசறேன்.

— சரி, உள்ள போறேன்.

— நில்லுங்க. மொதல்ல இங்க உக்காருங்க. அந்த லெதர் உடுப்புல குத்தியிருக்கிற பேட்ஜெல்லாம் கோயில் மணி மாதிரி ஆடுது, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்குது. காப்பியைக் குடிங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் உள்ள போங்க.

— பாரு, என்னை மிரட்டாத. சொல்லு.

— மூணு மாசம் முந்தி இதே எமரி இங்க வந்தான். முதுகெல்லாம் கன்னிப்போயிருந்துச்சு, ஒரு காது கேக்கல. அன்னிக்கும் டூட்டி நான்தான். சமூகப் பணிக்காரங்களைக் கூப்பிட ஃபோனைக் கையில எடுத்துட்டேன். அப்ப உங்க வகுப்பு ஞாபகம் வந்துச்சு. வச்சுட்டேன்.

— எங்க வகுப்பா?

— “காயத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காதீங்க. எங்க லெதர் சங்கத்துல இன்பத்துக்காக அடிக்கிறதும் அடி வாங்கறதும் ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டுச் செய்யறது. தனியாக் கூப்பிட்டு இந்தக் கேள்விகளைக் கேளுங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க”ன்னு இதே ஆஸ்பத்திரியில எங்களை உக்கார வச்சுப் பாடம் நடத்தினது யாரு? நீங்களும் க்ரிஃபும்தானே?

— ஆமா. எதுக்கு நடத்தினோம்னும் உனக்குத் தெரியும். எவளோ ஒரு நர்ஸ் அவசரப்பட்டு எழுதி வச்சதுல எங்க சங்கத்து டெனிஸ் தன் பொண்ணை அதிகாரிங்ககிட்டப் பறிகொடுத்துட்டுக் கோர்ட்டு வாசல்ல நின்னா. புருசன் அடிச்சுட்டான்னு எழுதினாங்க. அவ வேணும்னு கேட்டு வாங்கின தழும்பு அது.

— தெரியும். அதனாலதான் நம்பினேன். நீங்க சொன்ன மாதிரியே வரிசையாக் கேட்டேன். ஒத்துக்கிட்டுத்தான் செஞ்சீங்களா? ஆமா. நிறுத்தறதுக்கு ஒரு வார்த்தை வச்சிருக்கீங்களா? இருக்கு, ‘சிவப்பு’. சொன்னா நிறுத்துவாரா? நிறுத்துவார். வீட்டுக்குத் திரும்பப் பயமா இருக்கா? இல்ல. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். ஒரு தயக்கம் கிடையாது. களிம்பு கொடுத்து நானே வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். க்ரிஃப் காரோட நின்னுக்கிட்டிருந்தான். “உன்னை மாதிரி நாலு நர்ஸ் இருந்தா எங்களுக்குக் கவலையே இல்ல மிலா”ன்னான். எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? சேசு மரி சூசையே, பெருமையா இருந்துச்சு!

— க்ரிஃபா? நீ க்ரிஃபையா சொல்ற?

— வேற யாரு இருக்கா அந்த வீட்ல?

— உனக்கு அவனைத் தெரியாது. எய்ட்ஸ் காலத்துல பெத்தவங்களே தொடமாட்டேன்னு போன பசங்களைக் குளிப்பாட்டினவன் அவன். எங்க ஆளுங்க கூடற ஃபோல்சம் தெருவுல என் வயசுக்காரன் எவனைக் கேட்டாலும் அவன் கையால சூப் குடிச்சவன்தான். பொணத்தை வாங்க ஆள் வராதப்ப, எம் பொறுப்புன்னு போய் நின்னவன். ஏதோ விளையாட்டுல கை மீறிப் போயிருக்கும். ஒரு தப்பு நடந்திருக்கும்.

— குளிப்பாட்டின கை அடிக்காதுன்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு? எமரி விலாவுல பூட்ஸ் அடையாளம் இருக்கு ரோஸ்கோ. குதிங்கால் அப்படியே பதிஞ்சிருக்கு.

— பாரு மிலா, நாளைக்கு சாக்ரமெண்டோவுல சட்டசபைக் குழு விசாரணை. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பட்ட தழும்பைக் காட்டி யாரோட குழந்தையையும் பறிக்கக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வர. எத்தனை வருச அலைச்சல்! குழு முன்னாடி பேசப் போறது நானும் க்ரிஃபும்தான். இன்னிக்கு இது வெளிய தெரிஞ்சா, இவங்க எல்லாரும் வீட்டுக்குள்ள இப்படித்தான்னு காறித் துப்பி அனுப்பிடுவாங்க. டெனிஸுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

— அதுக்கு?

— ஒரு நாள். ஒரே ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதா?

— கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அந்தத் திரைக்குப் பின்னாடி படுத்திருக்கான், அவன் காதுலயும் விழட்டும்.

— அய்யோ.

— சொல்லுங்க.

— என் வாயிலயா இது வந்துச்சு? நானா இப்படிப் பேசினேன்?

— நீங்கதான். போலீசுக்கு நான் சொல்லியாச்சு, அது என் வேலை. வந்துக்கிட்டிருக்காங்க. ஆனா அவங்களும் இதே கேள்விகளைத்தான் கேப்பாங்க. அவங்களுக்கும் வகுப்பு எடுத்தீங்கல்ல? இவனும் அதே பதிலைச் சொல்லுவான். சாயங்காலம் க்ரிஃப் பூங்கொத்தோட வந்து நிப்பான், அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். அடுத்த தடவை எமரி என் வார்டுக்கு வரமாட்டான் ரோஸ்கோ. நேரா கீழ்த்தளத்துப் பிணவறைக்குத்தான் வருவான்.

— எழுந்திரு. வா, உள்ள போவோம்.

— எமரி, தூங்கறியா? பாரு, ரோஸ்கோ வந்திருக்காரு.

— வந்துட்டீங்களா ரோஸ்கோ. மன்னிச்சுக்கங்க, என்னால உங்களுக்கு அலைச்சல். நாளைக்குப் பேச வேண்டியதெல்லாம் தயாரா?

— அதை விடு ராசா. என்ன நடந்துச்சு?

— ஒத்துக்கிட்டுத்தான் செஞ்சோம்.

— எமரி, என்னைப் பாரு.

— நிறுத்தறதுக்கு வார்த்தை வச்சிருக்கோம். சொன்னா நிறுத்துவார். வீட்டுக்குத் திரும்ப எனக்குப் பயமில்ல.

— நான் இன்னும் கேக்கவே இல்லையேடா!

— இப்பத் தெரியுதா ரோஸ்கோ? மூணு மாசம் முந்தியும் இதே குரல், இதே வரிசை.

— தெரியுது மிலா. எமரி, அந்தக் கேள்வியெல்லாம் குப்பைக்குப் போகட்டும். வேற ஒண்ணு கேக்கறேன். நேத்து நடந்தது உனக்குப் பிடிச்சிருந்துச்சா?

— என்ன?

— பிடிச்சிருந்துச்சா? உனக்கு அது வேணும்னு இருந்துச்சா?

— இது... இந்தக் கேள்வி உங்க வகுப்புல கிடையாதே.

— கிடையாது. ஒத்துக்கிட்டியா ஒத்துக்கிட்டியான்னு ஊர் பூராக் கேக்கச் சொன்ன முட்டாள், இதைக் கேக்கச் சொல்லல.

— இதுக்கு என்ன பதில் சொல்லணும் ரோஸ்கோ?

— சேசு மரி சூசையே! டேய், அழாதடா. தையல் இழுக்கும். இந்தா, என் கையைப் பிடிச்சுக்க.

— மன்னிச்சுக்கங்க மிலாக்கா. முன்னெல்லாம் பிடிக்கும். அது பொய்யில்ல. ஆரம்பத்துல என்னைக் கேக்காம ஒரு விரல் வைக்கமாட்டான் க்ரிஃப். முடிஞ்சதும் போர்வையைச் சுத்தி, மடியில படுக்க வச்சு, தண்ணி குடுப்பான். அந்த மாதிரி என்னை யாரும் தாங்கினதில்ல. அப்புறம் கேக்கறதை விட்டுட்டான். நேத்து நான் ‘சிவப்பு’ன்னு சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். சிரிச்சான்.

— சிரிச்சானா?

— “இது விளையாட்டு இல்லடா, அந்த வார்த்தைக்கு இங்க வேலை இல்ல”ன்னான். நாளைக்கு அந்தக் குழு முன்னாடி அவன் பக்கத்துல உக்காந்து நாங்க எவ்வளவு சந்தோசமா இருக்கோம்னு நானும் சொல்லணும்னான். என்னால முடியாதுன்னேன். அதுக்குத்தான்.

— அடப்பாவி! ஏன்டா ராசா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

— யாரு நம்புவா? சங்கத்துக்குப் புதுசா வர்றவங்களுக்கு சம்மதம்னா என்னன்னு சொல்லிக் குடுக்கறவனே அவன்தானே. அவன் அடிச்சான்னு சொன்னா என்னைத்தானே வெளிய அனுப்பியிருப்பீங்க?

— அனுப்பியிருப்போம். பொய் சொல்ல விரும்பல, அனுப்பித்தான் இருப்போம். ஆனா இப்ப நான் நம்பறேன். போலீஸ் வரட்டும், இப்ப எங்ககிட்ட சொன்னதை அப்படியே சொல்லு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். சாயங்காலம் அவன் பூவோட வந்தா வாசல்ல நான் நிப்பேன். நாளைக்கு சாக்ரமெண்டோவுக்குத் தனியாத்தான் போறேன். க்ரிஃப் எங்கன்னு கேப்பாங்க. ஏன் வரலைன்னு என் வாயாலயே சொல்றேன். சட்டம் வந்தா வரட்டும், போனாப் போகட்டும்.

— உங்களுக்கு என்மேல கோவமில்லையே?

— உன்மேல எதுக்குடா கோவம்?

— நீங்க சொல்லிக் குடுத்த பதிலை வச்சே எல்லாரையும் ஏமாத்திட்டேன். ஒத்திகையில ஒரு இடத்துலயும் தடுமாறக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்ல வச்சீங்க.

— ஒத்திகையா? என்ன ஒத்திகை?

— வகுப்புல நோயாளியா நடிச்சது நான்தான் மிலாக்கா. முகமூடி போட்டிருந்தேன், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

— முதுகைக் காட்டிக்கிட்டு நின்ன ஆளு நீயா!

— வெளியாளுங்களுக்கு முகம் காட்டறதும் பேர் சொல்றதும் எங்க வழக்கம் இல்ல மிலா. ஆனா அது நடிப்புடா ராசா. நல்ல காரியத்துக்குப் படிச்சது. அதை நினைச்சு மனசைப் போட்டு வருத்திக்காத.

— ஆனாலும் அன்னிக்கு அசத்திட்டீங்க ரோஸ்கோ. முதுகு பூரா ஊதாவும் மஞ்சளுமா, நெசமாவே கன்னிப்போன மாதிரி. நான்தான் கிட்ட வந்து தொட்டுப் பார்த்தேன். கையில துளி ஒட்டல.

— அது க்ரிஃபோட கைவண்ணம். வீட்லயே சாயம் பூசிக் கூட்டிட்டு வந்தான். எவ்வளவு தத்ரூபமா இருக்கு, பாருங்கன்னு உங்க எல்லாரையும் கைதட்டச் சொன்னதே நான்தான்.

— க்ரிஃப் சாயமே வாங்கல ரோஸ்கோ.