வெள்ளைப் பாறைக்கு மேலே

— அம்மிணி, பொம்பளைங்க இந்த வெள்ளப் பாறையோட நின்னுக்கோணும். எங்க மலை வழக்கமுங்க. ஐயா மட்டும் என்ற பின்னால வாங்க.

— கேட்டுக்கிட்டியா மதி? இப்புடி நெழல்ல உக்காரு. உச்சியில சூடத்தக் கொளுத்திட்டு ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்.

— நானும் வர்றேன்ப்பா.

— பஸ்ஸு போர்டு படிக்கத்தான் ஒன்னக் கூட்டியாந்தேன். மலையில ஏது போர்டு?

— ஏன்ணே, காலையில வழிகாட்ட வந்தப்பவே இதைச் சொல்லியிருக்கலாம்ல?

— இம்புட்டுத் தூரம் ஏறுவீங்கன்னு நெனைக்கலிங்க அம்மிணி. கடக்கரைக்காரங்க பாதியிலயே உக்காந்துக்குவாங்க.

— பாதியில உக்காந்தது எங்கப்பாதான். மூணு தடவ.

— மணல்ல நடந்த காலு, மேடு பழகல. கேட்டுக்க மதி, வழக்கம்னா வழக்கந்தான். நம்ம படகுல பொம்பளைங்க காலு வைக்கிறாங்களா?

— நானும் அந்தப் படகத்தான் நெனச்சேன்.

— என்னங்க படகு?

— சுனாமியில பழசு போனதுக்கு நிவாரணத்துல குடுத்த பைபர் படகு, தியாகராசன் தம்பி. ரெண்டு வருசம் வெறும் வலையத்தான் இழுத்தேன். எங்க ஊரு திருவேட்டக்குடியே என்னயப் பாத்துச் சிரிச்சுது. மீனு பட்டா இந்த மலைக்கு வந்து சூடம் கொளுத்துறேன்னு வேண்டிக்கிட்டேன். போன மாசியில ஒரு நா, படகு கொள்ளாம வஞ்சிரம். அதுக்குத்தான் மூணு பஸ்ஸு மாறி வந்துருக்கேன்.

— எங்க சாமி கைவிடாதுங்க.

— சாமி பாதி, சுத்தம் பாதி தம்பி. எம்பொண்டாட்டி மீனு வாங்கக்கூட கரையிலதான் நிப்பா. இவ சின்னப் புள்ளையில படகு முனையப் புடிச்சி ஏறப் பாத்தா. முதுகுல வச்சேன் பாருங்க ஒண்ணு.

— இன்னும் மறக்கலப்பா.

— மறக்கலைல்ல? அப்ப உக்காரு.

— மாட்டேன்.

— மதி, நீ மீறி ஏறுனா என் நேர்த்திக்கடன் வீணாப்போவும். மறுபடி வலை வெறும வந்தா யாரு பதில் சொல்றது?

— நான் சொல்றேன். அந்த மாசியிலதான் எனக்கு ப்ளஸ் டூ பரீட்சை. வீட்ட சுத்தி ஒரே ரேடியோ சத்தம். வஞ்சிரம் பட்டுச்சே, அதுக்கு மொத நா மத்தியானம் நீங்க வலை வாங்க காரைக்கால் போயிட்டீங்க. படகு கரையில சும்மா நின்னுச்சு.

— அதுக்கு?

— ஏறி உக்காந்து சாயங்காலம் வரைக்கும் படிச்சேன்.

— எந்த எடத்துல?

— முன்னால, முனையில.

— செருப்போடயா?

— வெறுங்கால்ல.

— ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?

— டீ கொண்டாந்ததே அம்மாதான். குடிச்சி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. படகுல.

— ஐயா, வெயிலு ஏறுதுங்க. அம்மிணி இங்கயே இருக்கட்டும். வழக்கத்த மாத்த முடியாதுங்க.

— எங்களுக்கும் இப்புடி ஒண்ணு இருந்துச்சு தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மதி, இந்தா சூடம். வேண்டுனதுதான் நானு, மீனக் கொண்டாந்தது நீயும் ஒங்கம்மாவும். முன்னால நட.